மிச்ச ஒரு பென்னி எங்கே போனது? குழந்தைகள் நலத் தபால்தலைகளில் எந்த வரிசையிலிருந்து தொடங்கலாம்

அக்கா மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது என் ஸ்டாக் புக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நியூசிலாந்துப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. சிவப்பு நிறத்தில் ஒரு நர்ஸ் படம். 1929-ஆம் வருஷத்து ஸ்டாம்ப்.

"இது ஒரு பென்னி ஸ்டாம்ப். ஆனா வாங்கினவங்க ரெண்டு பென்னி குடுத்தாங்க" என்றேன்.

"மிச்ச ஒரு பென்னி எங்க போச்சு மாமா?"

"குழந்தைங்களுக்கு."

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் அந்தப் பேச்சுதான். ஊருக்குக் கிளம்பும்போது நேராகக் கேட்டாள்: குழந்தைகளுக்காக வெளிவந்த தபால்தலைகளை மட்டும் சேர்க்க ஆசையாக இருக்கிறது, மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும், எந்த நாட்டிலிருந்து ஆரம்பிப்பது? பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளைக் கௌரவிக்கும் தபால்தலை வேறு, குழந்தைகளுக்காகக் காசு திரட்டும் தபால்தலை வேறு. இந்தியத் தபால்துறை 1957-இலிருந்து குழந்தைகள் தினத்துக்கு வெளியிடுவதெல்லாம் முதல் வகை. அந்த முதல் வருஷத்து மூன்று ஸ்டாம்ப்களில் வாழைப்பழம் சாப்பிடும் குழந்தை, எழுதும் சிறுமி, பாங்குரா மண் குதிரை என்று அழகான படங்கள் உண்டு. ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் ஒரு காசு தரவில்லை. இரண்டாவது வகையில் இரண்டு விலை இருக்கும், நடுவில் ஒரு கூட்டல் குறியோடு. முதல் எண் தபால் கட்டணம், இரண்டாவது எண் நன்கொடை. தபால்தலைகளை எண்ணும் விலையும் போட்டுப் பட்டியலிடும் கேட்டலாக்கில் இதற்கு செமி போஸ்டல் என்று பெயர். நம் ஊரில் இந்தப் பழக்கம் வேரூன்றவே இல்லை. வயதானவர்களுக்கு 1971-இல் வங்காளதேச அகதிகளுக்காகக் கடிதங்களில் கட்டாயமாக ஒட்டிய 5 பைசா ஸ்டாம்ப் நினைவிருக்கலாம். அது வரி. இங்கே நான் பேசுவது விரும்பிக் கொடுத்த காசைப் பற்றி.

அந்த விருப்பம்தான் இந்தச் சேகரிப்பின் உயிர் என்று நினைக்கிறேன். சாதாரண ஸ்டாம்பை ஒட்டினால்கூடக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். யாரோ ஒருவர் கவுன்டரில் நின்று, பக்கத்தில் இருந்த விலை கூடின ஸ்டாம்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதனால் எந்த வரிசையைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தக் கூடுதல் காசின் தடம் இதில் எவ்வளவு தெரிகிறது?

இதற்கெல்லாம் மூத்தது டென்மார்க். அங்கே ஐனார் ஹோல்பெல் என்ற தபால் ஊழியர் 1904-இல் கிறிஸ்துமஸ் முத்திரைச்சீட்டைத் தொடங்கிவைத்தார். அந்தக் காசில் காசநோய் வந்த குழந்தைகளுக்குக் கோல்டிங் ஊரில் ஒரு சானடோரியமே எழுந்தது. ஆனால் அது தபால்தலை இல்லை, கடிதத்தில் கூடவே ஒட்டுகிற சீட்டு. வரலாறு தெரிய ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், முதல் சேகரிப்புக்கு வேண்டாம். மிச்சம் இருப்பது நாலு வழி.

சுவிட்சர்லாந்து: கண்ணுக்கு விருந்து, மனசுக்குப் பாரம்

ப்ரோ ஜுவென்டூட்டே என்ற அமைப்பு 1912-இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. குழந்தைகளிடமும் இளையவர்களிடமும் பரவியிருந்த காசநோயை எதிர்ப்பது அதன் முதல் வேலை. அந்த வருஷம் தபால் மதிப்பு இல்லாத சீட்டுகளை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் தனித்தனியாக விற்றார்கள். 1913 டிசம்பரில் முதல் அசல் தபால்தலை வந்தது: பச்சை நிறத்தில் சுவிட்சர்லாந்தைப் பெண்ணாக உருவகிக்கும் ஹெல்வேஷியா, பின்னால் மாட்டர்ஹார்ன் மலை. போர் தொடங்கிய 1914-இல் ஒன்றும் வரவில்லை. 1915-இலிருந்து இன்றுவரை வருஷம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விற்பது அங்கே பழைய வழக்கம்.

அழகில் இதற்கு ஈடு கிடையாது. முதலில் கான்டன் என்கிற சுவிஸ் மாநிலங்களின் உடைகள், அப்புறம் கான்டன் சின்னங்கள் என்று போய், 1950-இலிருந்து 1957 வரை பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். லா ஷோ-டி-ஃபோன் ஊரில் இருந்த கூர்வாசியே அச்சகத்தின் வேலை. 1950-ஆம் வருஷத்து வண்ணத்துப்பூச்சியைப் பத்து மடங்கு லென்ஸில் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறகின் சிவப்புப் பட்டை கறுப்போடு சேரும் இடத்தில் கோடே இருக்காது. மிகச் சின்னப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாகிக்கொண்டே போகும். ஸ்டாம்பைத் திருப்பினால் தாளுக்குள் மயிர் போல மெல்லிய சிவப்பு, நீல இழைகள் கிடக்கும். கள்ள அச்சு வராமல் தாளிலேயே கலந்த இழைகள் அவை. எனக்கு அந்த இழைகளைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

பாரம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். இதே ப்ரோ ஜுவென்டூட்டே 1926-இலிருந்து 1973 வரை ஒரு திட்டம் நடத்தியது. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் யெனிஷ் மக்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் போட்டது. சுமார் 600 குழந்தைகள். 1972-இல் பெயோபாக்டர் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் திட்டம் நின்றது. 1986-இல் சுவிஸ் கூட்டாட்சித் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்ப்கள் வந்த அதே வருஷங்களில் இது நடந்துகொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பதில் தப்பில்லை. நானே சேர்க்கிறேன். என் ஆல்பத்தில் 1926-ஆம் வருஷப் பக்கத்தில் ஸ்டாம்ப்களுக்குக் கீழே அந்தக் குழந்தைகளைப் பற்றி நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இருபத்து மூன்று வயதில் ஆசையோடு தொடங்குகிற ஒருத்திக்கு இதை முதல் வரிசையாகக் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. சுவிஸ் ஸ்டாம்ப்களில், முக்கியமாக ஆரம்ப வருஷங்களில், முத்திரை விழுந்த ஸ்டாம்பின் விலை புதியதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் என்ன நடக்கும்? பழைய புது ஸ்டாம்பில் பின்னாளில் முத்திரை குத்தி விற்பார்கள். வருஷங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். வட்ட முத்திரை நடுவில் பளிச்சென்று, ஊர்ப்பெயர் முழுசாகத் தெரிந்தது. சந்தோஷமாகக் கொண்டுவந்து மேஜை விளக்கில் பார்த்தேன், தேதி அந்த ஸ்டாம்ப் வெளிவருவதற்கு மூன்று மாதம் முந்தையது. அன்றிலிருந்து முத்திரையின் தேதியைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை: ப்ரோ பேட்ரியா என்றும் சுவிஸ் வரிசை ஒன்று உண்டு. அதிலும் கூட்டல் குறி இருக்கும். அது தேசிய தின நிதிக்கானது. கலந்து விற்கும் பாக்கெட்டுகளில் இரண்டும் சேர்ந்தே வரும். ஸும்ஸ்டைன் கேட்டலாக்கில் ஜுவென்டூட்டே எண்கள் ஜே என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்து: பிள்ளைகளே விற்ற ஸ்டாம்ப்

ஐநூறு ரூபாய்க்கு எடை போட்டால் இதுதான் ஜெயிக்கும். நெதர்லாந்தில் குழந்தைகளுக்கான கூடுதல் கட்டண ஸ்டாம்ப் 1924-இல் தொடங்கி இன்னும் தொடர்கிறது. "குழந்தைக்காக" என்று டச்சு மொழியில் அச்சிட்டிருப்பார்கள். 1948-இலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகள் வீட்டு மணியடித்து ஆர்டர் எடுக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். ஒரு நாட்டில் பல தலைமுறை, சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஸ்டாம்ப் விற்ற ஞாபகத்தோடு இருக்கிறது என்று நினைக்கும்போதே எனக்குப் பிடித்துப்போகிறது. குழந்தைக்கான உதவியைக் குழந்தையே கேட்டு வாங்கியது என்றால் கூடுதல் காசின் தடம் இதைவிட எங்கே தெளிவாகத் தெரியும்?

அப்படி ஊரே வாங்கியதால் சரக்கு ஏராளம். 1948-க்குப் பிந்தையவை யூஸ்டாக, அதாவது முத்திரை விழுந்ததாக, மிக மலிவு. 1965-இலிருந்து வரும் மினியேச்சர் ஷீட்களும் (சில ஸ்டாம்ப்களைச் சேர்த்து அச்சிட்ட சின்னத் தாள்கள்) கையைக் கடிக்காது. ஒரு வருஷத்துக்குள் நாற்பது வருஷ வரிசையை நிரப்பிவிடலாம்.

பழையவற்றில் இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று 1931-ஆம் வருஷத்து செட். கெரார்ட் கில்யான் என்ற வடிவமைப்பாளர் ஓவியம் வரையாமல் புகைப்படத்தை வைத்துச் செய்தார். அதில் இருப்பது உடற்குறையோடும் மனவளர்ச்சிக் குறையோடும் வாழ்ந்த குழந்தைகள். தேவதையும் பூங்கொத்தும் போட்டு இரக்கத்தைக் கேட்கிற காலத்தில், இந்தக் குழந்தையின் முகத்தைப் பார் என்று காட்டிய செட் அது. எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நாலு ஸ்டாம்பை மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொன்று பல் வரிசை. 1920-களின் நடுவிலிருந்து சில வருஷங்கள், டச்சு ஸ்டாம்ப்களில் ஓரத்துப் பற்கள் இடையிடையே இல்லாமல் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் கிழிந்துபோனது என்று ஒதுக்கிவிடுவார். உண்மையில் அது வேண்டுமென்றே செய்தது. இயந்திரத்தில் சுருளாக ஓடும் ஸ்டாம்ப்கள் பாதியில் அறுந்துபோகாமல் இருக்க, சில துளைகளை விட்டுவிட்டார்கள். ஒரே ஸ்டாம்ப் முழுப் பல்லோடும் விடுபட்ட பல்லோடும் இரண்டு மாதிரியாகக் கிடைக்கும். பல் கணக்கு பார்க்கிற பொறுமை உள்ளவர்களுக்கு இது பெரிய புதையல்.

குறை என்று பார்த்தால், மொழி. படத்துக்குப் பின்னால் இருக்கிற கதையைத் தேடினால் பெரும்பாலும் டச்சில்தான் கிடைக்கும். அப்புறம், மலிவாகவும் வேகமாகவும் நிரம்புகிற சேகரிப்பில் ஒவ்வொரு ஸ்டாம்பிடமும் நாம் செலவிடும் நேரம் குறைந்துவிடுகிறது. ஒரே பாக்கெட்டில் 300 ஸ்டாம்ப் வந்து விழுந்தால் எதை நிறுத்திப் பார்ப்பது? இது என் அனுபவம். எல்லாருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

நியூசிலாந்து: தொடக்கமும் முடிவும் தெரிந்த வரிசை

என் அக்கா மகள் நின்ற பக்கம் இது. நான் அதிகம் சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான்.

1919-இல் டாக்டர் எலிசபெத் கன் என்ற பள்ளி மருத்துவர், வாங்கனூயி பக்கம் துரகினா என்ற ஊரில், சத்துக்குறைந்து நலிந்த குழந்தைகளைச் சில வாரம் முகாமில் தங்கவைத்தார். நல்ல சாப்பாடு, வெயில், காற்று, ஓய்வு. மருந்தைவிட அதுதான் வேலை செய்தது. அந்த யோசனை மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1932-இல் ஓடாகியில் முதல் நிரந்தர முகாம் வந்தது. இந்த முகாம்களுக்குச் சோறு போட்டதில் பெரிய பங்கு ஹெல்த் ஸ்டாம்ப் என்று பெயர் வைத்த கூடுதல் கட்டணத் தபால்தலைகளுக்கு உண்டு. 1929-இல் அந்த நர்ஸோடு தொடங்கியது. காசநோயை ஒழிக்க உதவுங்கள் என்று அந்த முதல் ஸ்டாம்பில் எழுதியிருந்தது. அடுத்த வருஷம் அதே நர்ஸ், ஆனால் வாசகம் நலம் வளர்க்க உதவுங்கள் என்று மாறிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நோயை விரட்டுவதிலிருந்து குழந்தையைத் தேற்றுவதற்குக் கவனம் நகர்ந்தது தெரியும்.

1931-இல் வந்தது சிரிக்கும் பையன். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த வருஷம். கூடுதல் பென்னி யாரிடமும் இல்லை, விற்பனை படுத்துவிட்டது. அன்றைக்கு யாரும் வாங்காததால்தான் முறையாக வெளிவந்தவற்றில் இன்றைக்கு அவை இரண்டும்தான் இந்த வரிசையில் விலை உயர்ந்தவை. அவ்வளவு நன்றாகச் சிரிக்கிற பையனை அந்த வருஷத்து ஜனங்களால் வாங்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கேட்டலாக்கில் அந்த விலையைப் பார்க்கும்போதும் எனக்கு அந்த வருஷத்து வறுமைதான் கண்ணில் படுகிறது.

இதற்குப் பின் வருஷத்துக்கு வருஷம் விதவிதமாக வரும். கிரேக்க நலத் தெய்வம் ஹைஜியா, கடற்கரையில் பந்தோடு குதிக்கும் பிள்ளைகள், ஊஞ்சல். 1943-இல் முக்கோண வடிவத்தில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும். அப்போது எலிசபெத்துக்கு 17 வயது. 1949-ஆம் வருஷத்து நர்ஸும் குழந்தையும் படத்தில் ஒரு வேடிக்கை: தாளில் ஒரு இடத்தில் மட்டும் பென்னியைக் குறிக்கும் எழுத்துக்குக் கீழே வர வேண்டிய புள்ளி விழவில்லை. மலிவான ஸ்டாம்ப்தான், ஆனால் கட்டுக்கட்டாகப் பார்த்துக்கொண்டே போனால் என்றைக்காவது அது கண்ணில் படும். எனக்கு இன்னும் சிக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். 1957-இலிருந்து மினியேச்சர் ஷீட்கள் வரும். 1959-இலிருந்து சில வருஷம் பறவைகள், மாவோரிப் பெயர்களோடு: கோடாரே, கெரெரு, கோடுகு, திஏகே. கோடாரே வேறு யாருமில்லை, மீன்கொத்தி. கோடுகு நம் ஏரிக்கரையில் நிற்கிற பெரிய வெள்ளைக் கொக்கு.

1996-இல் குழந்தைப் பாதுகாப்பு பற்றி ஒரு ஸ்டாம்ப் தயாரானது. காரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் சரியான முறையில் பெல்ட் போட்டுக் கட்டவில்லை என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டன, அவை டெடி பேர் ஸ்டாம்ப் என்ற பெயரில் பெரிய விலைக்குப் போகின்றன. நமக்கு அது தேவையில்லை, ஆனால் அந்தக் கதை ஆல்பத்தில் எழுத வேண்டியது.

2016-ஆம் வருஷத்தோடு ஹெல்த் ஸ்டாம்ப் நின்றுவிட்டது. கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்தால் கடிதத்தில் ஒட்டுகிற நன்கொடையும் குறையும், வேறென்ன செய்ய முடியும்? வருத்தமான விஷயம்தான். ஆனால் சேகரிப்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. சுவிஸும் டச்சும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகும், நீங்கள் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இது 1929-இல் தொடங்கி 2016-இல் முடிந்த கதை. மொத்தப் பக்கங்களையும் இன்றைக்கே தயார் செய்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பலாம். எல்லாத் தகவலும் ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மவர்களுக்குப் படிப்பதும் சுலபம்.

இன்னொரு சுகம் இதன் முதல் நாள் உறைகள், அதாவது ஸ்டாம்ப் வெளிவந்த அன்றே ஒட்டி முத்திரை குத்தியவை. ஓடாகி, ராக்ஸ்பரா போன்ற ஹெல்த் கேம்ப்களின் பெயர் உள்ள தனி முத்திரைகளோடு உறைகள் கிடைக்கின்றன. நினைத்துப் பாருங்கள், ஸ்டாம்பில் கூடுதல் காசு, பக்கத்து முத்திரையில் அந்தக் காசு போய்ச் சேர்ந்த முகாமின் பெயர். நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் ஒரு உறையில் கிடைக்காது. இவை பெரிய விலையும் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கும் பையன் இரண்டும் இந்த பட்ஜெட்டில் வரவே வராது. 1929, 1930 நர்ஸ்களுக்கும் கொஞ்ச மாதம் சேர்த்து வைக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் நியூசிலாந்து சரக்கு எப்போதாவதுதான் வரும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஸ்டாம்பைவிடத் தபால் செலவு கூடுதலாகிவிடும். மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவதுதான் நல்லது.

யுனிசெஃப்: கரை இல்லாத கடல்

ஐ.நா.வின் குழந்தைகள் நிதியம் 1946 டிசம்பரில் பிறந்தது. அதைக் கௌரவித்துத் தபால்தலை வெளியிட்ட நாடுகளை எண்ணி முடியாது. இந்தியாவே 1960 டிசம்பர் 11-ஆம் தேதி யுனிசெஃப் தினத்துக்கு 15 நயா பைசா ஸ்டாம்ப் ஒன்று வெளியிட்டது, நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். இந்த வழியில் தொடங்கினால் முதல் மாதமே நாலைந்து நாடுகள் கைக்கு வரும். அது ஒரு உற்சாகம்தான்.

ஆனால் எங்கே நிறுத்துவது? 1979 சர்வதேசக் குழந்தைகள் வருஷம். அந்த ஒரு வருஷத்துக்கே பெட்டி பெட்டியாக ஸ்டாம்ப் இருக்கிறது. அதில் கணிசமானவை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாமல், சேகரிப்பவர்களுக்கென்றே அச்சடித்து, அச்சகத்திலேயே முத்திரையும் குத்தி விற்றவை. முன்னால் முத்திரை இருக்கும், பின்னால் திருப்பினால் பசையும் அப்படியே இருக்கும். யாரும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை, எந்தக் குழந்தைக்கும் ஒரு காசு போகவில்லை. இந்தத் தலைப்பில் சேர்ப்பதானால் ஒரு வேலி போட்டுக்கொள்ள வேண்டும்: 1946 முதல் 1971 வரை மட்டும், அல்லது ஆசிய நாடுகள் மட்டும் என்று. வேலி இல்லாமல் இறங்கினால் இரண்டே வருஷத்தில் அலுத்துவிடும்.

சரி, எதை எடுப்பது?

மின்டா (முத்திரை விழாத புதியதா) யூஸ்டா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது நாட்டைத் தேர்ந்தெடுப்பதையும் பாதிக்கும். யூஸ்டு என்றுதான் சொல்வேன். கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரத்தில் பசை இளகி ஸ்டாம்ப் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளி விழும். கோயம்புத்தூர் பரவாயில்லை, ஆனால் எந்த ஊரிலும் பசையைக் காப்பாற்றுவது தனி வேலை. முத்திரை விழுந்த ஸ்டாம்பில் பசை கிடையாது, அந்தக் கவலையும் கிடையாது. இது நடைமுறைக் காரணம். உண்மையான காரணம் வேறு: முத்திரைதான் அது நிஜமாகவே ஒரு கடிதத்தில் போனது என்பதற்குச் சாட்சி. உறையோடு கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவே கூடாது. பிந்தைய வருஷங்களின் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் ஸ்டாம்ப்களையும் ஊறவைக்க வேண்டாம், சுற்றிக் கொஞ்சம் தாள் விட்டுக் கத்தரித்து வைத்தால் போதும்.

அப்படிப் பார்த்தால் என் தீர்ப்பு இது. வேகமாக ஒரு முழு ஆல்பத்தைப் பார்க்க வேண்டும், பல் எண்ணுவது பிடிக்கும் என்பவர்கள் நெதர்லாந்தை எடுக்கலாம். ஓவியக் கண் உள்ளவர்கள், அந்த யெனிஷ் குழந்தைகளின் கதையையும் ஆல்பத்தில் எழுதத் தயாராக இருப்பவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போகலாம், ஆனால் ஆரம்ப கால ஸ்டாம்ப்களை நம்பகமானவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. யுனிசெஃபை இரண்டாவது ஆல்பமாக, வேலியோடு வைத்துக்கொள்ளலாம். என் அக்கா மகளுக்கும் அவளைப் போலக் கதையால் இழுக்கப்பட்டவர்களுக்கும் நியூசிலாந்துதான்.

தொடங்குவதை முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1940-களிலிருந்து 1966 வரை உள்ளவற்றை முதலில் பிடிக்கலாம். மலிவு, எளிதில் கிடைக்கும், முக்கோணமும் பறவைகளும் அதில்தான் இருக்கின்றன. 1967-இல் நியூசிலாந்து பென்னியை விட்டு டாலர், சென்ட்டுக்கு மாறியது. அந்த இடத்தில் ஒரு ஆல்பத்தை முடித்துக்கொள்வது வசதி. ஐந்தாறு மாதம் போன பிறகு சேர்த்துவைத்த காசில் நர்ஸுக்கு வரலாம். கேட்டலாக் விலையைக் கொடுத்து வாங்க வேண்டாம், நிஜச் சந்தை விலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஸ்காட் கேட்டலாக்கில் தேடுவதானால் நாட்டின் கடைசிப் பக்கங்களில், பி என்ற எழுத்தோடு தொடங்கும் எண்களில் பார்க்க வேண்டும். ஸ்டேன்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கில் மற்ற ஸ்டாம்ப்களோடு வருஷ வரிசையிலேயே வரும். இது தெரியாமல் நான் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன். சென்னைக்கு வரும்போது தென்னிந்திய அஞ்சல்தலை சேகரிப்போர் சங்கத்தின் கூட்டத்துக்கு ஒருமுறை போய்வந்தால், இரட்டையாக இருப்பவற்றை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கும்.

சிரிக்கும் பையனுக்கு இரண்டு கட்டம் வரைந்து, கீழே 1931 என்று எழுதி, காலியாக விட்டுவிடு பாப்பா. என் ஆல்பத்திலும் அவை காலியாகத்தான் இருக்கின்றன. 1943 முக்கோண ஜோடி என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. ஒன்றில் ஆக்லாந்து முத்திரை பாதி தெரிகிறது, அதை உனக்கென்று தனி உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்.